வாக்குவாதப் பிரியர் டு டீம் பிளேயர்: பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன்னை மாற்றிக்கொண்டது எப்படி?

அமெரிக்காவின் 100 டாலர் நோட்டில் இருப்பவர் ஏதோ ஒரு பழைய அதிபர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அதிபராக இருந்ததே இல்லை. அச்சகத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். இடிதாங்கி அவருடைய கண்டுபிடிப்பு. நூலகம், தீயணைப்புக் குழு, மருத்துவமனை என அவர் ஊருக்குச் செய்ததெல்லாம் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு செய்தவை.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், நாலு பேரோடு ஒத்துப்போவது அவருக்குக் கூடவே பிறந்த குணம் கிடையாது. தொழில் பழகுவது போல அதையும் பழகினார்.

அண்ணனோடு மோதல்

1706-ல் பாஸ்டனில் பிறந்தார். அப்பாவுக்கு மெழுகுவர்த்தி, சோப்பு செய்யும் தொழில். 17 பிள்ளைகளில் ஒருவரான ஃபிராங்க்ளின் பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள்.

அண்ணன்தான் முதலாளி. தம்பிக்கோ வாய்த்துடுக்கு. அடிக்கடி சண்டை, சில சமயம் அடி. 1723-ல், 17 வயதில், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி பிலடெல்ஃபியா போய்ச் சேர்ந்தார். தன்னுடைய துடுக்குத்தனமும் அண்ணனைச் சீண்டியிருக்கலாம் என்று பிற்காலத்தில் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார்.

அந்த வயதில் வாதத்தில் ஜெயிப்பது அவருக்கு ஒரு போதை. சாக்ரடீஸ் பாணியில் கேள்வி மேல் கேள்வி கேட்டு எதிராளியை மடக்கிவிடுவார். ஆனால், இப்படி ஜெயிப்பதால் கசப்பும் பகையும்தான் மிச்சம் என்பது போகப் போகப் புரிந்தது. அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டார்.

அடித்துப் பேசினால் அபராதம்

1727-ல், 21 வயதில், ஜண்டோ என்ற குழுவைத் தொடங்கினார். மொத்தம் 12 பேர். கண்ணாடி பொருத்துபவர், செருப்புத் தொழில் கற்றவர், தச்சர், நில அளவையாளர், அச்சுத் தொழிலாளிகள் எனக் கலவையான கூட்டம். வெள்ளிக்கிழமை மாலை கூடி, ஒரு விஷயத்தை எடுத்து விவாதிப்பார்கள்.

அங்கே ஒரு விதி உண்டு. தான் சொல்வதுதான் சரி என்று அடித்துப் பேசினாலோ, ஒருவர் சொன்னதை முகத்துக்கு நேராக மறுத்தாலோ சின்னதாக அபராதம் கட்ட வேண்டும். ஃபிராங்க்ளின் தன் பேச்சிலிருந்தும் நிச்சயமாக, சந்தேகமே இல்லை போன்ற சொற்களை எடுத்துவிட்டார். எனக்கு இப்படித் தோன்றுகிறது என்று பேசப் பழகினார். தன் யோசனைகளுக்கு எதிர்ப்பு குறைந்ததையும், தப்பாகச் சொன்னபோது அவமானம் குறைந்ததையும் அவரே கவனித்தார்.

பெயர் வேண்டாம், வேலை நடக்கட்டும்

1731-ல் சந்தா நூலகம் தொடங்க 50 பேரிடம் தலா 40 ஷில்லிங் கேட்டு அலைந்தார். இது என் ஐடியா என்று போனபோது ஆட்கள் தயங்கினார்கள். தங்களுக்குச் சமமான ஒருவர் பெயர் வாங்க நாமே ஏன் உதவ வேண்டும் என்ற எண்ணம்தான் காரணம் என்று அவருக்குப் பட்டது. நண்பர்கள் சிலரின் திட்டம் என்று மாற்றிச் சொன்னார். வேலை சுலபமாக நடந்தது. அதற்குப் பிறகு பொது வேலைகளில் இதையே வழக்கமாக்கிக்கொண்டார்.

பென்சில்வேனியா சட்டசபையில் எழுத்தராக இருந்தபோது, புது உறுப்பினர் ஒருவர் அவருக்கு எதிராகப் பேசினார். ஃபிராங்க்ளின் பதிலுக்கு மல்லுக்கட்டவில்லை. அவரிடம் இருந்த அரிய புத்தகம் ஒன்றைச் சில நாளைக்கு இரவல் கேட்டார். புத்தகம் உடனே வந்தது. ஒரு வாரத்தில் நன்றிக் குறிப்போடு திருப்பிக் கொடுத்தார். அதுவரை முகம் கொடுத்துப் பேசாத அந்த மனிதர், பிறகு கடைசிவரை நண்பராக இருந்தார். உளவியலில் இதை இன்று ஃபிராங்க்ளின் விளைவு என்கிறார்கள். நாம் யாருக்கு உதவுகிறோமோ அவரை நமக்குப் பிடிக்க ஆரம்பிக்கிறது.

13-வது வரி

வளர்த்துக்கொள்ள வேண்டிய 12 நல்ல குணங்களை நோட்டில் எழுதி, தவறியதைத் தினமும் குறித்துவந்தார். உங்களுக்குத் தலைக்கனம் அதிகம் என்று ஒரு நண்பர் உதாரணங்களோடு எடுத்துச் சொன்னார். பணிவு 13-வதாகச் சேர்ந்தது. உள்ளுக்குள் கர்வம் போய்விட்டது என்று அவர் பெருமை பேசியதில்லை. வெளியே பணிவாக நடந்துகொள்ளப் பழகியதே பெரிய பலன் தந்தது என்றுதான் எழுதினார்.

அந்தப் பழக்கம் 1787-ல் நாட்டுக்கே கைகொடுத்தது. அரசியல் சாசனத்தை எழுத பிலடெல்ஃபியாவில் கூடிய பிரதிநிதிகள் நான்கு மாதம் மோதினார்கள். கடைசி நாளில், 81 வயது ஃபிராங்க்ளின் எழுதிக்கொண்டு வந்த உரையை வேறொருவர் படித்தார். சாசனத்தில் தனக்கும் சில பகுதிகள் பிடிக்கவில்லை, ஆனால் தன் கணிப்பே தப்பாக இருக்கலாம், மற்றவர்களும் அப்படிக் கொஞ்சம் யோசித்துக் கையெழுத்திட வேண்டும் என்பதுதான் சாரம். மூன்று பேர் மறுத்தார்கள். 39 பேர் கையெழுத்திட்டார்கள்.

வீட்டில் மட்டும் தோல்வி

ஆனால், இந்த வித்தையை அவர் சொந்த மகனிடம் காட்டவில்லை. நியூ ஜெர்சி ஆளுநராக இருந்த வில்லியம், சுதந்திரப் போரில் பிரிட்டன் பக்கம் நின்றார். போர் முடிந்ததும் சமாதானம் கேட்டு அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். 1785-ல் இருவரும் இங்கிலாந்தில் சந்தித்தும் மனசு ஒட்டவில்லை. 1790-ல் ஃபிராங்க்ளின் இறந்தபோது, உயிலில் மகனுக்கென்று பெரிதாக எதுவும் இல்லை.

எதிரியிடம் புத்தகம் இரவல் கேட்கத் தெரிந்தவருக்கு, மகன் நீட்டிய கையைப் பிடிக்க முடியவில்லை. ஒருமுறை பழகிவிட்டால் எல்லோரிடமும் தானாக வந்துவிடுகிற திறமை இல்லை இது. ஒவ்வொரு ஆளிடமும் புதுசாக முயற்சி செய்ய வேண்டியிருக்கிறது.