காலராவின் விஷத்தைக் கண்டுபிடித்தவர்

சர் சி.வி. ராமனை நம் எல்லாருக்கும் தெரியும். நான் எழுதப்போவது டாக்டர் சம்பு நாத் டே பற்றி.

இவர் 1915-ல் மேற்கு வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டம் கரிபாட்டி கிராமத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். ஆனாலும் நன்றாகப் படித்து கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஆனார். லண்டன் போய் 1949-ல் பி.எச்.டி. பட்டம் வாங்கினார். அங்கேயே தங்காமல் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்துவிட்டார். காலரா நோயாளிகள் இங்கே இருந்தார்கள்.

காலராவை எங்க அப்பாயி வாந்திபேதி என்றுதான் சொல்லும். கடுமையாக வந்தால் ஒரே நாளில் 10 லிட்டருக்கு மேல்கூட உடம்புத் தண்ணீர் வெளியே போய்விடும். அதற்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் 1884-ல் கல்கத்தாவில் உறுதி செய்தார். அது விஷம் கக்கும் என்று அவர் நினைத்தார். ஆனால் 75 வருஷம் அந்த விஷத்தை யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

கிருமி இருப்பது குடலில்தானே, அப்புறம் ஏன் மற்ற இடத்தில் தேட வேண்டும் என்று டே யோசித்தார். 1953-ல் முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை நூலால் இரண்டு பக்கமும் கட்டி, நடுவில் கிருமியைச் செலுத்தினார். அந்த இடம் நீர் நிறைந்து உப்பியது. 1959-ல் கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத நீரை மட்டும் செலுத்தினார். அப்பவும் உப்பியது! அப்படியானால் நீரை இழுப்பது கிருமி கக்கிய விஷம்தான். பெரிய கருவி எதுவும் இல்லாமல் செய்த இந்தச் சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். விஷம் என்று தெரிந்ததால், கிருமியின் எந்த மரபணு அந்த விஷத்தைச் செய்கிறது என்று பிறகு வந்தவர்கள் தேடினார்கள். 1983-ல் அமெரிக்காவில் ஜான் மெக்கலானோஸ் குழுவினர் அந்த மரபணுக்களைப் படித்துக் காட்டினார்கள். விஷப் பகுதிக்கான மரபணுவை வெட்டி எடுத்துவிட்டால் கிருமி உயிரோடு இருக்கும், ஆனால் காலராவை உண்டாக்க முடியாது. பாம்பின் பல்லைப் பிடுங்கின மாதிரி! அப்படிச் செய்த கிருமியே தடுப்பு மருந்தாகி, 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பாக்டீரியாக்களின் மரபணு ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு வாங்கிய ஜோசுவா லெடர்பர்க், டே பெயரையும் நோபலுக்குப் பரிந்துரை செய்தார். ஆனால் கிடைக்கவில்லை. நம் நாட்டிலும் உயிரோடு இருந்தவரை பெரிய விருது எதுவும் தரவில்லை. 1985-ல் அவர் இறந்துபோனார். இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. விருது தர நம்மால் முடியாது. அவர் பெயரைத் தெரிந்துகொள்ளவாவது முடியும்தானே!

தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். பேதியானால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி, அன்னவாசல்