சூடிக்கொடுத்த நாச்சியார் சரிதம் வளர்ந்த வகை

பாண்டி நாட்டுத் திவ்யதேசமாகிய ஸ்ரீவில்லிபுத்தூரில், பெரியாழ்வாரின் நந்தவனத்தே, திருத்துழாயின் அடியில், ஆடிப்பூர நன்னாளில் ஆண்டாள் திருவவதரித்த வரலாற்றை அறியாத வைணவர் இலர். வடபத்ரசாயிக்கென்று தொடுத்த மாலையைத் தான் சூடி அழகு பார்த்ததும், திருவரங்கனோடு கலந்ததும் சிறுவரும் சொல்லும் செய்திகள். இவற்றுள் அவள் தன் வாயால் அருளியது எது, பின்வந்த பெரியோர் விரித்தது எது என்று நோக்குவதும் ஒரு சேவையே.

ஆண்டாள் அருளியவை திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, ஆக 173 பாசுரங்கள். வில்லிபுத்தூர்ப் பட்டர்பிரானின் கோதை என்றே அவற்றில் தன்னைக் குறிக்கிறாள். மானிடர்க்கு மனைவியாக வாழேன் என்று உறுதி பூணுகிறாள். திருமாலை மணப்பதாகக் கனாக் காண்கிறாள். அம்மணம் நனவில் நிகழ்ந்ததாக அவள் பாடவில்லை. மாலை சூடிய கதையையும் பாடவில்லை. அவள் பாசுரங்களில் மேலோங்கி நிற்பது பிரிவாற்றாமையே.

மாலையின் செய்தி உய்யக்கொண்டார் அருளிய திருப்பாவைத் தனியனில் இடம்பெற்றது. 13ஆம் நூற்றாண்டில், நம்பிள்ளையின் சீடரான பின்பழகிய பெருமாள் ஜீயர் ஆறாயிரப்படி குருபரம்பரையில் சரிதம் முழுவதையும் கோவைப்படுத்தினார். கருடவாகன பண்டிதரின் திவ்யஸூரி சரிதம் என்னும் வடமொழிக் காவியம் அதனைச் சுயம்வரமாகவே அமைத்தது. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் ஆமுக்தமால்யதா என்னும் தெலுங்குக் காவியமாகப் பாடினார்.

இவர்கள் செய்தது யாது? மணம் மறுத்து நின்ற ஒரு பெண்பிள்ளையின் உறுதிக்கு உலகம் ஒப்பும் முடிவைத் தந்தனர். தந்தையின் இசைவு, எம்பெருமான் கனவில் இட்ட ஆணை, திருவரங்கம் செல்லும் பல்லக்கு ஆகிய யாவும் அவ்வாறு அமைந்தன. பூமிப்பிராட்டியின் அவதாரமென்று போற்றி, அவள் பெருமையை நாடெங்கும் பரப்பினர். ஆயினும் திருமணக் கோலத்தை மட்டும் கண்டு மகிழ்வோர், அதற்குமுன் அவள் தவித்த தவிப்பை மறந்துவிடவும் கூடும்.

அவள் சொல்லிலிருந்தே கிளைத்த கதையும் உண்டு. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக அவள் பாசுரத்தில் நேர்ந்துகொண்டாள். பிற்காலத்தே தோன்றிய உடையவர் அந்நேர்ச்சையைத் தாமே நிறைவேற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் வர, நாச்சியார் அவரைத் தமையனாராக ஏற்றாள் என்பது குருபரம்பரை மரபு. நிறைவேறாத ஆசை ஒன்றைத் தமையன் முடித்துவைப்பதாகக் கண்ட பெரியோரின் நெஞ்சம்தான் எத்துணைக் கனிவுடையது!

அவள் சூடிக் களைந்த மாலை புரட்டாசி பிரம்மோத்ஸவத்தில் திருமலையப்பனுக்கும், சித்திரையில் மதுரைக்கு எழுந்தருளும் கள்ளழகருக்கும் செல்கிறது. கதை இவ்வாறு கைங்கர்யமாகவே நிலைத்துவிட்டது. ஆடிப்பூரத் தேர் சேவிக்க வந்துள்ள அன்பர்கள், இல்லம் திரும்பியதும் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகமேனும் பொருளுணர்ந்து அநுஸந்திப்பாராக. பெரியோர் சொன்ன கோதையோடு, தானே பேசும் கோதையும் அவர்களுக்குக் காட்சி தருவாள்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.