பெய்டன் ரவுசு

பிரான்சிசு பெய்டன் ரவுசு (அக்டோபர் 5, 1879 - பெப்ரவரி 16, 1970) ஓர் அமெரிக்க நோயியல் அறிஞர் ஆவார். கோழிகளில் புற்றுநோயை உண்டாக்கும் தீநுண்மியைக் கண்டறிந்தமைக்காக 1966 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசைச் சார்லசு ஹக்கின்சுடன் பகிர்ந்துகொண்டார்.

வாழ்க்கை

பால்ட்டிமோரில் பிறந்த ரவுசு, ஜான்சு ஹாப்கின்சு பல்கலைக்கழகத்தில் 1905 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்தில், பிணக்கூறாய்வின்போது விரலில் ஏற்பட்ட கீறல் வழியாக இவருக்குக் காசநோய் தொற்றியது. உடல் தேறும் பொருட்டு டெக்சாசுப் பண்ணையொன்றில் சிறிது காலம் வேலை செய்தார். 1909 இல் நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். இவருடைய மருமகன் ஆலன் ஹாட்ச்கின் இவருக்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1963 இல், நோபல் பரிசு பெற்றுவிட்டார்.

கோழிக்கட்டி ஆய்வு

மார்பில் கட்டியுடன் இருந்த ஒரு கோழி இவரது ஆய்வுக்கு வந்தது. அக்கட்டியை அரைத்து, உயிரணுக்களோ பாக்டீரியாக்களோ புக முடியாத நுண்வடிகட்டியில் வடித்து, அந்நீரை நலமான கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றிலும் கட்டிகள் தோன்றின. இம்முடிவு 1911 இல் வெளியானது. புற்றுநோய் தொற்றக்கூடியதன்று என்பதே அக்கால மருத்துவர்களின் துணிபு. ஆகவே வடிகட்டியில் பிழை இருக்கலாம் என்றனர் சிலர். இது கோழிகளுக்கே உரிய தனி நோய் என்றனர் வேறு சிலர். எலிகளின் கட்டிகளில் அத்தகைய காரணி எதையும் காண இயலாமற்போகவே, 1915 அளவில் ரவுசு இவ்வாய்வைக் கைவிட்டார்.

அடுத்து, குருதியைச் சிட்ரேட்டு, சர்க்கரைக் கரைசலில் பல நாட்கள் கெடாமல் காக்கும் முறையை டர்னருடன் சேர்ந்து உருவாக்கினார். முதல் உலகப் போரில் ஆசுவால்டு இராபர்ட்சன் 1917 இல் அமைத்த குருதிச் சேமிப்புக்கு இதுவே அடிப்படை. முயல்களில் மருக்கட்டி உண்டாக்கும் தீநுண்மியை 1933 இல் ரிச்சர்டு சோப் கண்டறிந்த பின்னரே ரவுசு புற்றுநோய் ஆய்வுக்குத் திரும்பினார்.

மரபணுவும் வளர்ச்சிக் குறிகைகளும்

மரபணு மாற்றத்தால் புற்றுநோய் உண்டாகிறது என்னும் கருத்தை ரவுசு கடைசிவரை ஏற்கவில்லை. நோபல் உரையிலும் அதை மறுத்தார். ஆனால் அக்கருத்துக்கு வலுவான சான்று இவருடைய தீநுண்மியிலேயே கிடைத்தது. அது சுமந்துவரும் சார்க் என்னும் மரபணு, கோழியின் இயல்பான உயிரணுவிலிருந்து பெறப்பட்டது என்பதை மைக்கேல் பிசப், ஹரால்டு வார்மசு குழுவினர் 1976 இல் காட்டினர். இதற்காக இவ்விருவருக்கும் 1989 இல் நோபல் பரிசு கிடைத்தது.

சார்க் புரதம் பிற புரதங்களின் டைரோசினில் பாசுபேட்டைச் சேர்க்கும் நொதி. வளர்ச்சிக் காரணி உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் பிணையும்போது, பெருகுமாறு கூறும் குறிகையை உள்ளே கடத்துவதில் இதற்குப் பங்குண்டு. இயல்பான சார்க்கின் வால்முனையில் அதை அடக்கிவைக்கும் பகுதி உள்ளது. தீநுண்மியின் சார்க்கில் அப்பகுதி இல்லை. எனவே அது ஓயாமல் இயங்குகிறது. மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் ஏற்பியும் இவ்வகை நொதியே என்பது 1980 அளவில் தெளிவாயிற்று. அதைத் தடுக்கும் கெபிட்டினிப் என்னும் மருந்து நுரையீரல் புற்றுநோய்க்காக 2002 இல் சப்பானில் ஒப்புதல் பெற்றது.