உடலுக்கும் உயிருக்கும் வேண்டிய பெருந்தகை: பேராயர் அசரியா

நம் மீஞ்சூர் நிலையத்தைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை கூடூர், விசயவாடா, கம்மம் ஆகிய ஊர்களின் வழியே சென்று தோர்ணக்கல் என்னும் சந்திப்பை அடைகிறது. இன்று தெலங்கானா மாநிலத்தில் உள்ள அவ்வூர் அக்காலத்தில் ஐதராபாத் நிசாமின் ஆட்சிக்கு உட்பட்ட சிற்றூராக இருந்தது. தமிழகத்தின் தென்கோடியில் பிறந்த ஒருவர் அங்கே குடியேறி, தீண்டப்படாதார் எனத் தள்ளிவைக்கப்பட்ட மக்களிடையே முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து தொண்டாற்றினார். அவரே பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அன்னாரின் வரலாறு இடம்பெறுதல் பொருத்தமே ஆகும். ஏழை இறைவனிடம் எதனைக் கேட்கிறான், எதனைக் கேட்க வேண்டும் என்னும் வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக அளித்தவர் அவர்.

அசரியா 1874ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 17ஆம் நாள், அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் சிற்றூர்ச் சபையின் குரு. தாயார் எல்லன் அம்மையார். மூத்த மகள் பிறந்து பதின்மூன்று ஆண்டுகள் சென்ற பின்னரே இம்மகன் பிறந்தான். சாமுவேல் என்பது விவிலியத்தில் அன்னாள் என்னும் தாய் கண்ணீரோடு வேண்டிப் பெற்ற பிள்ளையின் பெயர். அன்னாள் கேட்டது உலகியல் வேண்டுதலே. பிள்ளை வேண்டும் என்பதே அவள் மன்றாட்டு. ஆயினும் பெற்ற பிள்ளையை அவள் தனக்கென வைத்துக்கொள்ளாமல் இறைப்பணிக்கே ஒப்படைத்தாள். உடலின் தேவையும் உயிரின் தேவையும் ஒரே வேண்டுதலில் இணைந்து நிற்பதை அக்கதை காட்டுகிறது. அப்பெயரைத் தாங்கிய மகனின் வாழ்வும் அவ்வாறே அமைந்தது.

அசரியா பிறந்த நாடார் குலமும் கோயில் நுழைவு மறுக்கப்பட்டு இழிவுக்கு உள்ளான குலமே. 1889இல் தந்தையார் மறைந்தார். தாயாரின் கண்டிப்பான வளர்ப்பில் கல்வி தொடர்ந்தது. பின்னர்ச் சென்னை சென்று, அந்நாளில் ஜார்ஜ் டவுனில் இயங்கிய கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றார். இறுதித் தேர்வின்போது நோயுற்றமையால் பட்டம் பெறாமலே வெளியேறினார். பட்டம் கைகூடாவிடினும் கல்வி வீணாவதில்லை என்பதை நம் இளைஞர்கள் ஈண்டுக் கருத்தில் கொள்க.

1895இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகப் பணியேற்றார். 1898இல் அன்பு மாரியம்மாள் அவர்களை மணந்தார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பொருளைக் கொண்டே பிற இடங்களுக்குத் தொண்டர்களை அனுப்பி வருவதைக் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தைத் தைத்தது. பிறர் அனுப்பும் பொருளைப் பெற்றே பழகிய திருநெல்வேலிச் சபை, தான் பிறருக்குக் கொடுத்தது யாது என்று சிந்தித்தார். அதன் பயனாக 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. அச்சங்கம் தேர்ந்தெடுத்த பணிக்களமே தோர்ணக்கல்.

பிறரை அனுப்பிவிட்டுத் தாம் சென்னையில் தங்கியிருக்க அசரியாவின் மனம் இசையவில்லை. வாலிபர் சங்கப் பதவியைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, 1909இல் தாமே தோர்ணக்கல் சென்றார். தெலுங்கு கற்றார். மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் சேரிதோறும் சென்றார். அங்கு அவர் கண்ட மக்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா வகுப்பினர். நிலம் இல்லாதவர்கள், கடனில் மூழ்கியவர்கள், ஊர்க்கிணற்றில் நீர் முகக்க உரிமை அற்றவர்கள்.

1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. அங்கே பேசிய அசரியா, ஐரோப்பியத் தொண்டர்கள் இந்தியர்களுக்குப் பொருளும் உழைப்பும் அளித்ததை நன்றியுடன் நினைவுகூர்ந்தார். எனினும், சமமாக வைத்து நேசிக்கும் நட்பினை அவர்கள் இன்னும் அளிக்கவில்லை என்பதை அந்த அவையிலேயே அஞ்சாது எடுத்துரைத்தார். கேட்டோர் பலர் திகைத்தனர், சிலர் சினந்தனர். சோறு பெறுபவனுக்கு மானமும் உண்டு, அன்பை நாடும் உள்ளமும் உண்டு என்பதே அப்பேச்சின் உட்பொருள். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

பேராயரான பின் அவர் கையாண்ட முறை நாம் ஊன்றிக் கற்கத்தக்கது. மக்கள் அவரை நாடி வந்தபோது பல காரணங்களோடு வந்தனர். ஒருவன் நிலக்கிழாரின் கொடுமையிலிருந்து பாதுகாப்பு வேண்டினான். ஒருத்தி நோயுற்ற பிள்ளைக்கு நலம் வேண்டினாள். வேறொருவன் மகனுக்குப் பள்ளி வேண்டினான். இவை உலகியல் தேவைகள் என்று அவர் எவரையும் விலக்கவில்லை. ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தன. மருத்துவ நிலையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அச்சகமும் தோன்றின. பசித்தவனிடம் உணவை மறந்துவிடு என்று சொல்வது பத்தி ஆகாது. இயேசு கற்பித்த மன்றாட்டிலும் அன்றன்றைய உணவுக்கான வேண்டுதல் இடம்பெற்றிருக்கிறது அன்றோ!

ஆனால் அம்மன்றாட்டு உணவோடு முடிந்துவிடவில்லை. அதற்கு முன்னே இறைவனின் ஆட்சி வர வேண்டும் என்னும் வேண்டுதல் நிற்கிறது. பின்னே மன்னிப்பும், சோதனையினின்று காப்பும் வேண்டப்படுகின்றன. திமிர்வாதக்காரன் ஒருவனைக் கூரையைப் பிரித்து இறக்கியபோது, இயேசு முதலில் பாவ மன்னிப்பையும் பின்னர் உடல் நலத்தையும் அளித்தார் என்று நற்செய்தி நூல் கூறுகிறது. பவுல் அடிகளார் சிறையிலிருந்து எழுதிய மடல்களில் உள்ள மன்றாட்டுகளைப் படிப்போர், அவர் நண்பர்களுக்காக வேண்டியது அறிவும் அன்பும் உள்ளத்து உரமுமே எனக் காண்பர். இந்த முழுமையையே அசரியா சேரி மக்களுக்குக் கற்பித்தார்.

எழுத்தறியாதவர்கள் கற்பனைகளையும் விசுவாச அறிக்கையையும் இயேசுவின் மன்றாட்டையும் வாய்மொழியாகப் பயின்றனர். பகலெல்லாம் வயலில் உழைத்தவர்கள் மாலையில் சிறு கோயிலில் கூடி உபதேசியாரோடு வழிபட்டனர். குடியை விடும் மனவலிமை, மனைவியை அடியாத பொறுமை, பொய்யுரையாத நேர்மை, பகைவனை மன்னிக்கும் உள்ளம் ஆகியவற்றையும் இறைவனிடம் கேட்கக் கற்றனர். பெறுவதற்கு மட்டுமன்றிக் கொடுப்பதற்கும் பழக்கப்பட்டனர். கொடுக்க இயலாத ஏழை எவரும் இலர் என்பது பேராயரின் உறுதியான கொள்கை. கிறிஸ்தவர் கொடுத்தல் பற்றி அவர் தனி நூலே எழுதினார்.

மாலாவும் மாதிகாவும் ஒரே திருப்பந்தியில் கலந்துகொள்ள வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக நின்றார். பழைய பிளவு அவர் காலத்திலேயே முற்றும் ஒழிந்துவிட்டது எனக் கூற இயலாது. ஆயினும் அப்பிளவும் மன்றாட்டினால் வெல்லப்பட வேண்டிய உள்ளத்து நோயே என்று அவர் கற்பித்தார்.

1930களில் ஒரு பெரும் விவாதம் எழுந்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் கூட்டமாகச் சமயம் மாறுவதைக் காந்தியடிகள் கடுமையாக எதிர்த்தார். சமயங்களை ஒப்பிட்டுத் தேரும் ஆற்றல் அம்மக்களுக்கு இல்லை என்னும் கருத்தை 1936இல் அவர் வெளியிட்டார். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற ஏளனமும் நாடெங்கும் ஒலித்தது. காந்தியடிகளின் நாட்டுப் பற்றையும் தீண்டாமை ஒழிப்பு முயற்சியையும் நாம் மதிக்கிறோம். எனினும் இவ்விடத்தில் அசரியா அவருடன் உடன்படவில்லை. ஏழைக்கு வயிறு மட்டுமே உண்டு, ஆன்மாவின் பசி அவனுக்கு இல்லை என்று கருதுவது அவனை மனிதனாகவே மதியாமை ஆகும் என்பது அசரியாவின் நிலைப்பாட்டின் சாரம். 1933இல் வெளிவந்த பிக்கெட் என்பவரின் ஆய்வும், மக்கள் எந்த நோக்கத்தோடு வந்தனர் என்பதைவிட, வந்தபின் பெற்ற போதனையும் வழிபாடுமே அவர்தம் வாழ்வை உருவாக்கின எனக் காட்டியது. தோர்ணக்கல் வட்டாரத்தில் சாதி இந்துக்கள் பலர், மாலா, மாதிகா மக்களின் வாழ்வில் நேர்ந்த மாற்றத்தைக் கண்டே திருச்சபையை நாடினர். இழிந்தவர் எனப்பட்டோர் உயர்ந்தவர் எனப்பட்டோருக்கு வழிகாட்டிய அருஞ்செயல் அது!

1912இல் ஏறத்தாழ 57,000 பேராக இருந்த தோர்ணக்கல் கிறிஸ்தவ சமூகம் 1941இல் 2,25,000 பேராகப் பெருகியது. இந்து, இசுலாமிய, கிறிஸ்தவக் கட்டடக் கலைகள் மூன்றும் இணைந்த பேராலயம் 1939 சனவரியில் அங்கே திறக்கப்பட்டது. தென்னிந்தியத் திருச்சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919 முதல் உழைத்த பேராயர், 1947இல் அது நிறைவேறியதைக் காணும் முன்னரே, 1945 சனவரி முதல் நாள் தோர்ணக்கல்லில் இயற்கை எய்தினார்.

இளைஞர்களே! நம்மிடையே பல சமயத்தாரும் உளர். எச்சமயத்தையும் சாராதவரும் உளர். எனினும் இவ்வரலாறு நம் அனைவருக்கும் உரியது. பழவேற்காட்டு ஏரியில் வலை வீசச் செல்பவர் நல்ல இறால் கிடைக்க வேண்டும் என வேண்டுதல் முறையே. நடவுக்குச் செல்லும் தாய் மழையை வேண்டுதலும் முறையே. தேர்வு எழுதும் மாணவன் தேர்ச்சியை வேண்டுவதையும் எவரும் குறை கூற வேண்டா. ஆனால் கிடைத்த காசு சாராயக் கடைக்குச் செல்லாதிருக்க மனவுறுதியை வேண்டுவது யார்? பெண் பிள்ளையின் படிப்பை இடையில் நிறுத்தாதிருக்கத் தெளிவை வேண்டுவது யார்? நம்முள்ளேயே ஒருவரை ஒருவர் தாழ்த்தாதிருக்க அன்பை வேண்டுவது யார்? மதிப்பெண்ணை வேண்டும் மாணவன், பார்த்து எழுதாதிருக்கும் நேர்மையையும் சேர்த்து வேண்டலாகாதா?

சோறும் கல்வியும் வேலையும் நம் உரிமைகள். அவற்றைக் கேட்பதற்கு நாம் நாணவேண்டுவதில்லை. அவற்றோடு நிறைவடைந்துவிடுவோர் நாம் என்று பிறர் கருதினால், அக்கருத்தை ஏற்கவேண்டுவதும் இல்லை. உடலின் தேவையோடு உள்ளத்தின் உயர்வையும் நாடி உழைப்போமாக.