கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் வாழும் கோனிக்: ஐஸ்லாந்திலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தாவரவியலாளர்

புதுதில்லி: தலைநகரின் ஐ.என்.ஏ. சந்தையில் தமிழ்க் குடும்பங்கள் வாங்கிச் செல்லும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயர் முர்ராயா கோனிகி. இப்பெயரின் பிற்பகுதி, தரங்கம்பாடியில் பணியாற்றிய மருத்துவர் ஜோஹான் கெர்ஹார்ட் கோனிக்கைக் குறிப்பதாகும்.

இன்றைய லாட்வியாவில் 1728-ம் ஆண்டு பிறந்த கோனிக், ஸ்வீடனில் தாவரவியல் அறிஞர் லின்னேயஸிடம் பயின்றார். பின்னர் டென்மார்க்கில் தங்கி, பால்டிக் கடலிலுள்ள போர்ன்ஹோம் தீவின் தாவரங்களை ஆராய்ந்தார். 1764-ல் அப்போது டேனிஷ் ஆட்சியின் கீழிருந்த ஐஸ்லாந்துக்குப் பயணமானார்.

கோடை மிகக் குறுகியதான அந்நிலத்தில் பெரும்பாலான செடிகள் பல ஆண்டுகள் வாழ்பவை. ஒரே கோடையில் முளைத்து, பூத்து, விதையிட்டு மடியும் செடிகள் அரிது. ஈரமான சரளை மண்ணில் சில சென்டிமீட்டர் மட்டுமே வளரும் அத்தகைய செடி ஒன்றை கோனிக் அங்கு சேகரித்தார். லின்னேயஸ் 1767-ல் அதற்குக் கோனிகியா ஐஸ்லாண்டிகா எனப் பெயரிட்டார். அதே செடி நமது இமயமலையின் உயரமான பகுதிகளிலும் வளர்கிறது என்பது வியப்புக்குரியது.

1768-ல் டேனிஷ் குடியேற்றமான தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கோனிக், சோழமண்டலக் கரையின் தாவரங்களைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பலானார். எனினும் அவரது பணிகளில் இன்றும் படிக்கத்தக்கது, தஞ்சாவூர்ப் பகுதியின் கறையான்களைப் பற்றி 1779-ல் பெர்லினில் வெளியான கட்டுரையே எனலாம். புற்றினுள் பூஞ்சை வளர்வதை அதில் அவர் குறித்துள்ளார். தாங்கள் சேகரிக்கும் காய்ந்த இலை, மரத்துகள்களின் மீது கறையான்கள் அப்பூஞ்சையை வளர்த்து உணவாக்கிக் கொள்கின்றன என்பது பிற்கால ஆய்வுகளில் தெளிவானது. மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் காளான் அப்பூஞ்சையிலிருந்து எழுவதே. மக்கள் ஈசல் பிடிக்கும் முறையையும் கோனிக் விவரித்துள்ளார்: புற்றில் இரு துளைகள் இட்டு, காற்று வரும் பக்கம் புகை மூட்டி, மறுபக்கம் பானை வைத்து ஈசலைப் பிடிப்பர், பின்னர் மாவுடன் சேர்த்து உண்பர்.

பயணங்களுக்கு மருத்துவர் ஊதியம் போதவில்லை. 1774-ல் ஆற்காடு நவாபிடமும், 1778-ல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் இயற்கை ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தார். கம்பெனிக்காக சயாம், மலாக்கா வரை சென்று திரும்பினார்.

தம் பெயரில் அவர் வெளியிட்டவை சொற்பம். அவர் அனுப்பிய செடிகளையும் குறிப்புகளையும் ஸ்வீடனின் ரெட்சியஸ் உள்ளிட்டோர் நூல்களில் வெளியிட்டனர். இந்தியத் தாவரவியலின் முன்னோடியாக இன்று போற்றப்படும் வில்லியம் ராக்ஸ்பர்க்கும் அவரது உழைப்பால் பயனடைந்தவரே. கறிவேப்பிலையைப் போலப் பயன்படுத்திவிட்டு ஒதுக்குவது என்று தமிழில் சொல்வது அவருக்குப் பொருந்தும்.

1785 ஜூன் 26 அன்று, காக்கிநாடா அருகே ஜெகந்நாதபுரத்தில் கோனிக் சீதபேதியால் காலமானார். இறுதி நாட்களில் அவருக்குச் சிகிச்சை அளித்தவர் ராக்ஸ்பர்க். கையெழுத்துப் பிரதிகளை லண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு அவர் உயில் எழுதி வைத்திருந்தார்.

கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் 1771-ல் முதலில் இட்ட பெயர் பெர்கேரா கோனிகி. பின்னர் முர்ராயா பேரினத்துக்கு மாற்றப்பட்ட அச்செடியை, அண்மைக் காலத்தில் சில தாவரவியல் பட்டியல்கள் மீண்டும் பழைய பெயரிலேயே குறிப்பிடுகின்றன.