அலைகளுக்குச் செவி தந்த ஆசிரியர்

ஜகதீச சந்திர போஸ் என்றதும் நம்மில் பலருக்குத் தொட்டாற்சுருங்கிச் செடிதான் நினைவுக்கு வரும். செடிகொடிகளுக்கும் உணர்ச்சி உண்டெனக் காட்டிய விஞ்ஞானி என்று சிறு வகுப்பிலேயே படித்துவிட்டோம். அதற்கு முன்பே அவர் செய்த அரும்பணி ஒன்று உண்டு. கம்பியில்லாமல் அனுப்பும் செய்தி வீணாகாமல் உரிய இடத்தில் போய்ச் சேருவது எப்படி என்பதைப் பற்றியது அது. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை நமது கடற்கரையில் மீன் பிடிக்கச் செல்வோரின் உயிரோடும் தொடர்புடைய அப்பணியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இன்று வங்காளதேசமாக உள்ள பகுதியில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்க அதிகாரி. அதிகாரிகளின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போவதே அக்கால வழக்கம். அவரோ மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே சிறுவனின் ஒரு பக்கத்தில் தந்தையின் இஸ்லாமியப் பணியாளரின் மகன், மறுபக்கத்தில் ஒரு மீனவரின் மகன். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் பற்றி அந்த நண்பர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆவலைத் தமக்குத் தந்தன என்று பிற்காலத்தில் அவர் நினைவு கூர்ந்தார்.

பின்னர் கல்கத்தாவில் புனித சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கே சேசு சபைக் குருவான அருட்தந்தை லஃபோன் பௌதிகத்தைச் சோதனைகள் செய்து காட்டியே கற்பிப்பார். மாணவர் போஸ் பௌதிகத்தின்பால் ஈர்க்கப்பட்டது அந்த வகுப்பிலேதான். 1880-இல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து சென்றார். காய்ச்சல் விடாது வருத்தியதால் அதைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் கற்றார்.

1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். அக்காலத்தில் ஓர் ஐரோப்பியருக்குக் கிடைத்த சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்குத் தரப்பட்டது. போஸின் வேலை தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. அவர் சண்டையிடவில்லை, வகுப்புகளை ஒழுங்காக நடத்தினார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. இப்படி மூன்று ஆண்டுகள்! அதுவும் தந்தை கடனில் இருந்த காலம். இறுதியில் அரசாங்கமே இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் முதல் நாளிலிருந்து கணக்கிட்டுக் கொடுத்தது. அப்பணம் தந்தையின் கடனை அடைக்க உதவியது.

இந்த வறுமையில் 1887-இல் அவருக்குத் துணைவியாக வந்தவர் அபலா தாஸ். அவரைப் பற்றியும் தோழியர் அறிய வேண்டும். பெண் என்ற காரணத்தால் கல்கத்தாவில் மருத்துவம் படிக்க இடம் கிடைக்காமல், 1882-இல் வங்க அரசின் உதவித்தொகையுடன் நம் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து பயின்றவர் அவர். உடல்நலம் குன்றியதால் படிப்பை முடிக்க இயலவில்லை. 1919-இல் பெண் கல்விக்கென ஒரு சங்கம் நிறுவி, வங்கக் கிராமங்களில் பெண்களுக்குப் பள்ளிகள் திறந்தார்.

மின்காந்த அலைகள் உண்டென்பதை 1888-இல் ஜெர்மானியரான ஹெர்ட்ஸ் நிரூபித்திருந்தார். 1894-இல் போஸ் அந்த ஆராய்ச்சியில் இறங்கினார். கல்லூரியில் ஒழுங்கான ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு சிற்றறையும், பயிற்சி இல்லாத ஒரு தகர வேலைக்காரரின் உதவியுமே இருந்தன. ஹெர்ட்ஸ் உண்டாக்கிய அலைகள் நீளமானவை. நீள அலையைத் திசை திருப்பக் கருவியும் பெரிதாக வேண்டும். போஸ் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு அலையைக் குறுக்கினார். அப்படியானால் விநாடிக்கு ஆறாயிரம் கோடி அதிர்வுகள்! மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் பயன் எளிதில் விளங்கும். விளக்கின் ஒளி நாலா பக்கமும் சிதறினால் தொலைவில் தெரியாது. கண்ணாடி வில்லைகள் அதைத் திரட்டி ஒரே கற்றையாக அனுப்புகின்றன. போஸும் உலோகப் புனலாலும் வில்லையாலும் தம் அலைகளைத் திரட்டினார். ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே ஈயத்தாளைச் செருகியும், சணலை முறுக்கி வைத்தும் அவர் சோதனை செய்திருக்கிறார்!

1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில், வங்கத் துணை ஆளுநர் முன்னிலையில், அவர் அனுப்பிய அலைகள் சுவர்களையும் ஆளுநரின் உடலையும் ஊடுருவிச் சென்று, 75 அடிக்கு அப்பால் மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்க வைத்தன.

அலைகளை அனுப்பினால் போதுமா? பெறும் கருவி விழித்திருக்க வேண்டுமே! பாரீஸ் கத்தோலிக்கக் கழகப் பேராசிரியர் பிரான்லி கண்ட கருவியில், குழாயிலுள்ள உலோகத் தூள் அலை பட்டதும் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும். ஆனால் ஒவ்வொரு முறையும் குழாயைத் தட்டித் தூளைக் கலைத்தாக வேண்டும். தட்டும் வரை அடுத்த செய்திக்கு அது செவிடு. போஸ் தூளுக்குப் பதில் சுருள் கம்பிகளை வைத்துப் பார்த்தார். பின்னர் இரும்பும் பாதரசமும் தொடும்படி அமைத்தார். அது தட்டாமலே தானாகப் பழைய நிலைக்குத் திரும்பியது. 1899-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதை அறிவித்தார்.

இந்தக் கவலை இன்றும் உண்டு. கைப்பேசி தானே முதலில் பேச விரும்பினால், கோபுரத்திடம் ஒரு சிறு சமிக்ஞையால் அனுமதி கேட்கிறது. பல கருவிகள் ஒரே நொடியில் கேட்டால் அவை மோதிக் குழம்பும். ஒவ்வொன்றும் சற்றே வேறுபட்ட நேரம் காத்திருந்து மீண்டும் கேட்க வேண்டும். மோதல் கூடக்கூட மின்கலம் வீணே தீரும். கடலில் தவிக்கும் மீனவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. அவர்களுக்காக இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் பயனில் உள்ளது. செய்தி கிடைத்துவிட்டது என்று பதில் தரும் வசதி அதன் இரண்டாம் தலைமுறையில் சேர்க்கப்பட்டுள்ளது.

1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைக் கடந்துவந்த சமிக்ஞையைக் கேட்டதும் பாதரசக் கருவி ஒன்றின் மூலமே. அது போஸின் கண்டுபிடிப்பிலிருந்து வந்ததென்று 1998-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எடுத்துக்காட்டியது. மார்க்கோனியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது எழுநூறு பேர் பிழைத்தது கம்பியில்லாத் தந்தியால். 1931-இல் வத்திக்கான் வானொலியை நிறுவித் தந்தவரும் அவரே. ஆயினும் நோபல் பரிசு 1909-இல் மார்க்கோனிக்கும் பிரௌனுக்கும் கிடைத்தது, போஸுக்குக் கிடைக்கவில்லை.

அறிவைப் பூட்டி வைத்துப் பணமாக்குவது போஸுக்குப் பிடிக்கவில்லை. சகோதரி நிவேதிதாவும் திருமதி புல் என்ற அமெரிக்க அம்மையாரும் வற்புறுத்தியதால், கலீனா என்னும் ஈயத்தாதுவைக் கொண்டு அலையை உணரும் முறைக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதனாலும் அவர் பொருள் ஈட்டவில்லை. இதைப் பெருந்தியாகம் என்று எல்லோரும் போற்றுகிறார்கள். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. தம் சம்பளத்துக்காக மூன்று ஆண்டுகள் உறுதியாக நின்றவர், தம் கண்டுபிடிப்புக்காகவும் கொஞ்சம் நின்றிருக்கலாம்!

பிறகு அவர் செடிகளின் பக்கம் திரும்பினார். 1917-இல் சர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே தம் பிறந்தநாளில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23-இல் கிரிடியில் காலமானார். மார்க்கோனி மறைந்ததும் அதே ஆண்டில்தான். போஸின் மில்லிமீட்டர் அலைகளை நெடுங்காலம் எவரும் அதிகம் பயன்படுத்தவில்லை. இப்போதோ அதிவேகச் செய்தித் தொடர்புக்கு அவற்றையே நாடுகிறார்கள். 2012-இல் உலக மின்பொறியாளர் சங்கம் அவரது சோதனைகளை வரலாற்று மைல்கல் என அறிவித்தது. அந்தச் சிற்றறைக் காலத்துக் கருவிகளைக் கொல்கத்தா போஸ் நிலையத்தின் காட்சிக்கூடத்தில் வைத்துப் பாதுகாக்கிறார்கள்.