வித்தியாசாகரரின் எளிய உடை

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. உடையைத் தூய்மையாகவும் செம்மையாகவும் அணிதல் வேண்டும் என்னும் அளவில் அப்பழமொழி நன்றே. ஆயின், உடையை மட்டும் கண்டு ஒருவருடைய அறிவையும் பண்பையும் அளந்துவிடலாம் என்று அதற்குப் பொருள் கொள்வோர் பெரிதும் பிழைபடுவர். முரட்டு வேட்டியும், தோளில் ஒரு மேற்போர்வையும், காலில் நாட்டுச் செருப்புமாகவே வாழ்நாள் முழுவதும் உலவிய ஒருவர், வங்க நாட்டின் கல்வியையும் சமுதாயத்தையும் திருத்தி அமைத்தார். அவரே ஈசுவர சந்திர வித்தியாசாகரர்.

பிறப்பும் இளமையும்

ஈசுவர சந்திரர் 1820ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26ஆம் நாள், வங்காளத்தில் மேதினிபூர்ப் பகுதியில் உள்ள பீர்சிங்கா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தாகுர்தாசர், தாயார் பகவதி தேவியார். குடும்பம் வறுமையில் வாடியது. தந்தையார் கல்கத்தாவில் வேலை பார்த்து, மாதந்தோறும் சில ரூபாயே ஈட்டி வந்தார்.

ஈசுவர சந்திரர் எட்டு வயதுச் சிறுவராய் இருந்தபொழுது, தந்தையாருடன் கால்நடையாகவே கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். வழிநெடுகச் சாலையோரத்தில் மைல் கற்கள் நடப்பட்டிருந்தன. அவற்றில் பொறித்திருந்த ஆங்கில எண்களைத் தந்தையாரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து, ஊர் சேர்வதற்குள் அவ்வெண்கள் அனைத்தையும் கற்றுக்கொண்டார்.

1829ஆம் ஆண்டில் அவர் கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்தார். தாயார் இராட்டையில் நூல் நூற்று, அந்நூலால் நெய்வித்த முரட்டுத் துணியைக் கல்கத்தாவுக்கு அனுப்புவார். அதுவே மகனுக்கு உடை. ஈசுவர சந்திரர் குள்ளமான உருவமும் பெரிய தலையும் உடையவர். குடை பிடித்துக்கொண்டு தெருவில் செல்லும்பொழுது, தொலைவிலிருந்து காண்போர்க்குக் குடைதான் நடந்து வருவதுபோல் தோன்றுமாம். உடன் பயின்ற மாணவர் சிலர், தலை பெருத்து உடல் சிறுத்த ஒரு மீனின் பெயரைச் சொல்லி அவரை ஏளனம் செய்தனர். இயல்பாகவே திக்குவாய் உடைய அவர், சினம் மிகும்பொழுது மேலும் திக்குவார். அது கண்டு அவர்கள் மேலும் நகைப்பர். தோற்றத்தால் இகழப்படுவோர் உள்ளம் எவ்வாறு புண்படும் என்பதை அவர் சிறுவயதிலேயே அறிந்திருந்தார்.

இரவில் படிப்பதற்கு வீட்டில் விளக்கெண்ணெய்க்கும் வழியில்லாத நாள்கள் உண்டு. அப்பொழுது அவர் தெருவிளக்கின் அடியில் அமர்ந்து பாடம் படித்தார். சமையல் வேலையும் அவரைச் சார்ந்ததே. இத்தனை இடர்களுக்கு இடையிலும் இலக்கணம், இலக்கியம், அணி, வேதாந்தம், தருக்கம், அறநூல் ஆகிய துறைகளில் தேர்ந்தார். 1839ஆம் ஆண்டில் இந்து சட்டத் தேர்வில் வெற்றி பெற்றபொழுது, கல்விக்கடல் என்னும் பொருள்படும் வித்தியாசாகரர் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. பட்டமே பின்னர்ப் பெயராயிற்று. முன்பு தலையைக் கண்டு நகைத்த நகரம், அத்தலையுள் இருந்த கல்வியைக் கண்டு வியந்தது.

பதவியும் உடையும்

1841ஆம் ஆண்டில் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மாதம் 50 ரூபாய் ஊதியத்தில் தலைமைப் பண்டிதராக அவர் அமர்ந்தார். 1851ஆம் ஆண்டில் தாம் பயின்ற சமஸ்கிருதக் கல்லூரிக்கே முதல்வரானார். அதுவரை உயர்ந்த குலத்தார் எனப்பட்ட சிலருக்கு மட்டுமே திறந்திருந்த அக்கல்லூரியின் வாயிலை, மற்ற வகுப்புப் பிள்ளைகளுக்கும் படிப்படியாகத் திறந்துவிட்டார். 1855ஆம் ஆண்டில் பள்ளிகளைப் பார்வையிடும் பொறுப்பும் சேர்ந்தது. ஊதியம் மாதம் 500 ரூபாயாக உயர்ந்தது. அந்நாளில் அது பெருந்தொகை. எனினும், அவருடைய உடை மாறவில்லை. அதே வேட்டி, அதே மேற்போர்வை, அதே செருப்பு.

அவ்வுடை வறுமையின் அடையாளம் அன்று. பிறர் போற்ற வேண்டும் என்று பூண்ட கோலமும் அன்று. தம் நாட்டு எளிய மக்கள் நாள்தோறும் உடுத்தும் உடையில் நாணத்தக்கது ஏதும் இல்லை என்பதே அவருடைய கொள்கை. வங்காளத்தின் துணைநிலை ஆளுநராக இருந்த ஹாலிடே என்பவர், தம்மைக் காண வரும்பொழுது காற்சட்டையும் நீண்ட அங்கியும் அணிந்து வருமாறு அவரைக் கேட்டுக்கொண்டார். நண்பரின் சொல்லைத் தட்டாமல் சில முறை அவ்வாறே சென்றார் வித்தியாசாகரர். ஆனால், வேடம் புனைந்த கூத்தாடியைப்போல் தாம் தெருவில் செல்ல நேர்வதை அவர் மனம் பொறுக்கவில்லை. இனி இவ்வுடையில் வர இயலாது என்று ஆளுநரிடம் வெளிப்படையாகக் கூறிவிட்டார். ஆளுநரும் அவர் கருத்தை மதித்து, அவருக்கு எது இசைந்ததோ அவ்வுடையிலேயே வரலாம் என்று உடன்பட்டார்.

மற்றொரு நிகழ்ச்சியும் புகழ் பெற்றது. ஒருமுறை இந்துக் கல்லூரியின் முதல்வரான கெர் என்னும் ஆங்கிலேயரைக் காணச் சென்றார். கெர் எழுந்து வரவேற்கவில்லை. பூட்சு அணிந்த கால்களை மேசைமீது நீட்டியவாறே பேசினார். சில நாள்களுக்குப்பின் கெர் ஓர் அலுவலாக அவரைக் காண வந்தார். வித்தியாசாகரர் செருப்பு அணிந்த தம் கால்களை மேசைமீது நீட்டியவாறே பேசி அனுப்பினார். மேலதிகாரிகள் விளக்கம் கேட்டனர். மேனாட்டு நாகரிகத்தில் விருந்தினரை வரவேற்கும் முறை அதுவே போலும் என்று, கெர்ரிடமிருந்தே தாம் கற்றுக்கொண்டதாக விடை எழுதினார். பூட்சுக் காலுக்கு ஒரு மதிப்பும் செருப்புக் காலுக்கு வேறொரு மதிப்பும் இல்லை என்பதை அவ்விடை உணர்த்திற்று.

வெண்துகில் உடுத்த சிறுமியர்

உடையைக் கண்டு மக்களை ஒதுக்கும் வழக்கம் ஆங்கிலேயரிடம் மட்டும் இருந்ததன்று. நம் நாட்டிலேயே அது கொடிய வடிவில் நிலைத்திருந்தது. பத்து வயதும் நிரம்பாத சிறுமியர்க்கு மணம் முடித்துவிடுவர். கணவன் இறந்தால், அச்சிறுமி வளையலையும் வண்ண ஆடையையும் இழப்பாள், வெண்துகில் உடுத்துவாள், நல்விழாக்களில் எவரும் அவளை எதிர்கொள்ள விரும்பார். அவள் யார், அவள் உள்ளம் எத்தகையது என்று கேட்பவர் இலர். அவள் உடுத்த வெண்துகில் ஒன்றே அவளைத் தீய சகுனம் என்று தீர்ப்புக் கூறப் போதுமானதாய் இருந்தது.

இக்கொடுமை கண்டு வித்தியாசாகரர் உள்ளம் உருகினார். அறநூல்களை ஆராய்ந்து, கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ள அவை இடந்தருகின்றன என்பதை நிலைநாட்டி, 1855ஆம் ஆண்டில் இரண்டு நூல்கள் எழுதினார். எதிர்ப்பு மிகுந்தது. பலர் அவரை இகழ்ந்தனர், அச்சுறுத்தினர். சட்டம் வேண்டும் என அவர் அரசுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் கையொப்பம் இட்டவர்கள் ஆயிரம் பேருக்கும் குறைவே. வேண்டா என்று எதிர்த்தவர்களோ பல்லாயிரவர். ஆயினும் அறம் வென்றது. 1856ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கைம்பெண் மறுமணச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் முதல் மறுமணம் கல்கத்தாவில் நடைபெற்றது. அத்தகைய திருமணங்களுக்காகத் தம் கைப்பொருளைச் செலவிட்டு அவர் கடனாளியும் ஆனார். 1870ஆம் ஆண்டில் அவருடைய ஒரே மகன் நாராயணரும் ஒரு கைம்பெண்ணை மணந்துகொண்டார். ஊருக்கு உரைத்த அறம் தம் இல்லத்திலேயே நிறைவேறியது கண்டு அவர் மகிழ்ந்தார்.

நெசவுக்குப் பெயர்பெற்ற சாந்திபுரத்தின் நெசவாளர்கள், அவரை வாழ்த்தும் பாடலைச் சேலைக் கரையிலேயே நெய்து விற்றனர். உடையால் எவரையும் அளவாத அவருடைய புகழ், இவ்வாறு உடையிலேயே இடம்பெற்றது.

எண்ணெய் காணாத கூந்தல்

1866ஆம் ஆண்டில் வங்காளத்தையும் ஒரிசாவையும் பெரும் பஞ்சம் வாட்டியது. வித்தியாசாகரர் பீர்சிங்காவில் கஞ்சித் தொட்டி திறந்தார். பசித்து வந்த பெண்களின் கூந்தல் எண்ணெய் காணாது சடைபிடித்துக் கிடந்தது. அதைக் கண்ட அவர், உணவுடன் ஒவ்வொருவருக்கும் எண்ணெயும் வழங்க ஏற்பாடு செய்தார். எண்ணெய் ஊற்றும் பணியாளர், தாழ்ந்த குலத்தார் என்று தாம் கருதிய பெண்களைத் தொடாதவாறு எட்ட நின்றே ஊற்றினர். அது கண்ட வித்தியாசாகரர் தாமே முன்சென்று, அப்பெண்களின் தலையில் தம் கையால் எண்ணெய் தடவினார். அழுக்கும் கந்தலும் பிறர் கண்ணுக்கு இழிவாய்த் தோன்றின. அவருக்கோ அவை துயரமாய்த் தோன்றின.

இத்தகைய அருள் அவருக்குத் தாயாரிடமிருந்து வந்த செல்வம். மகன் பொருள் ஈட்டத் தொடங்கியபின், தாம் விரும்பும் அணிகலன்கள் யாவை என்று அவர் தாயாரைக் கேட்டாராம். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை, ஏழைகளுக்கு ஓர் அன்னசாலை ஆகியவையே தாம் வேண்டும் அணிகள் என்று அத்தாய் விடை பகர்ந்தார் என்பர்.

வித்தியாசாகரர் எளிய உடையை விரும்பினார் என்பதனால், மேனாட்டு உடை அணிந்தோரை அவர் வெறுத்தார் எனக் கருதலாகாது. கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர் கிறித்தவம் தழுவியவர். உடையிலும் பழக்கத்திலும் முற்றும் மேனாட்டாராய் மாறியவர். அவர் 1864ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் மனைவி மக்களுடன் வறுமையில் சிக்கித் தவித்தார். தம் துயரைத் தெரிவித்து அவர் கடிதம் எழுதியது வித்தியாசாகரருக்கே. வித்தியாசாகரர் தயங்காமல் பொருள் அனுப்பி அவரைக் காத்தார். வேட்டியைக் கண்டு இகழ்வது எத்துணைத் தவறோ, அங்கியைக் கண்டு வெறுப்பதும் அத்துணைத் தவறே என்பதை அவர் செயலால் காட்டினார்.

வாயிலில் நின்ற செருப்பு

1874ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒருநாள், நண்பர் இருவருடன் வித்தியாசாகரர் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் நூல்நிலையத்தைக் காணச் சென்றார். அக்காலத்தில் அருங்காட்சியகமும் அதே கட்டடத்தில் இருந்தது. உடன் வந்தோர் மேனாட்டுக் காலணி அணிந்திருந்தனர். வாயிற்காவலர் அவர்களைத் தடுக்கவில்லை. நாட்டுச் செருப்பு அணிந்திருந்த வித்தியாசாகரரை மட்டும் தடுத்து, செருப்பைக் கழற்றிவிட்டுச் செல்லுமாறு கூறினார். நாடறிந்த பேரறிஞர் வாதாடவில்லை; தம் பெயரையும் பெருமையையும் எடுத்துரைக்கவும் இல்லை; அமைதியாகத் திரும்பிவிட்டார்.

பின்னர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர்க்கு ஒரு கடிதம் எழுதினார். மேனாட்டுக் காலணி அணிந்தவர் தடையின்றிச் செல்லும் இடத்தில், நாட்டுச் செருப்பு அணிந்தவர் மட்டும் அதனைக் கழற்ற வேண்டும் என்பது எவ்வகையில் பொருந்தும் என்று அதில் வினவினார். தாம் பெரியவர் என்பதனால் தமக்கு மட்டும் விலக்கு அளிக்குமாறு அவர் வேண்டவில்லை. செருப்பு அணியும் எளியவர் அனைவர்க்கும் ஒரே நீதி வேண்டும் என்பதே அவருடைய கருத்து. அத்தகைய ஆணை எதனையும் தாங்கள் பிறப்பிக்கவில்லை என்று விடை வந்தது. ஆனால் குறை தீரவில்லை. செய்தி நாளிதழ்களிலும் வெளியாகிப் பலரைச் சிந்திக்கச் செய்தது. அதன்பின் அவ்வாயிலை அவர் மிதிக்கவே இல்லை என்பர்.

இறுதி நாள்கள்

முதிய வயதில் நகரத்தின் ஆரவாரத்தை விட்டு, இன்றைய சார்க்கண்டு மாநிலத்தில் உள்ள கர்மாட்டார் என்னும் ஊரில் பல காலம் தங்கினார். அங்கு வாழும் சந்தால் மக்களுக்கு மருந்தும் உடையும் அளித்தார். அவர்களுக்கெனப் பள்ளியும் நடத்தினார். அவ்வூர் இரயில் நிலையத்தைப் பற்றி ஒரு கதை வழிவழியாக வழங்குகிறது. இரயிலில் வந்திறங்கிய இளைஞர் ஒருவர், ஒரு சிறு பெட்டியைத் தாமே தூக்க நாணிச் சுமைகூலியைக் கூவி அழைத்தார். முரட்டு வேட்டி உடுத்த முதியவர் ஒருவர் வந்து, பெட்டியைச் சுமந்து சென்று உரிய இடத்தில் சேர்த்தார். கூலி கொடுக்க முற்பட்டபொழுது அவர் வாங்க மறுத்தார். தம் சுமையைச் சுமந்தவர் வித்தியாசாகரரே என்று அறிந்த இளைஞர் வெட்கித் தலைகுனிந்தார். அந்நிலையம் இன்று வித்தியாசாகர் என்னும் பெயரையே தாங்கி நிற்கிறது.

1891ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள் கல்கத்தாவில் வித்தியாசாகரர் உலக வாழ்வை நீத்தார். அவர் எழுதிய வர்ண பரிசயம் என்னும் அரிச்சுவடியைக் கொண்டே தலைமுறை தலைமுறையாக வங்கப் பிள்ளைகள் எழுத்தறிந்தனர்.

உடை உடலை மூடுவது. உள்ளத்தை அளப்பது அன்று. குள்ளமான உருவத்தைக் கண்டு நகைத்த மாணவரும், செருப்பைக் கண்டு தடுத்த காவலரும், வேட்டியைக் கண்டு கூலி என எண்ணிய இளைஞரும் ஒரே பிழையையே செய்தனர். வெண்துகிலைக் கண்டு சிறுமியை ஒதுக்கிய ஊராரும் அப்பிழையையே செய்தனர். ஆனால் அவர்கள் பிழையால் ஓர் உயிரின் வாழ்வே பாழாயிற்று. பார்வையில் தொடங்கும் இகழ்ச்சி எங்குச் சென்று முடியும் என்பதை வித்தியாசாகரர் உணர்ந்திருந்தார். ஆதலின், எவருடைய தோற்றத்தையும் கண்டு அவர் தீர்ப்புக் கூறவில்லை. அத்தோற்றத்துக்குப் பின்னால் நின்ற மனிதரையே கண்டார்.